விழுந்து எழ ஓர் இடம்: ஸ்கேட்போர்டையும் மனநலத்தையும் சேர்த்து ஒரு பள்ளி வடிவமைப்புத் திட்டம், முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஓவியமும் கைவேலையும் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் ஒரு வடிவமைப்புத் திட்டம் உண்டு. வழக்கமாக அட்டையில் ஒரு வீடு, தெர்மாகோலில் ஓர் எரிமலை என்று முடிந்துவிடும். இரண்டு ஆண்டுகளாக அதை மாற்றி, ஸ்கேட்போர்டையும் (ஏறி நின்று ஓட்டும் நாலு சக்கரப் பலகை) மனநலத்தையும் சேர்த்து ஒரு திட்டம் நடத்துகிறோம். முதல் ஆண்டு சொதப்பினோம். அழகான பலகை ஒன்றைச் செய்வதுதான் வேலை என்று நான் நினைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டு, ஒரு பிள்ளை கூச்சமில்லாமல் விழுந்து எழுவதற்கு என்னென்ன வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தோம். அப்புறம்தான் திட்டம் நகர்ந்தது. மற்ற ஆசிரியர்கள் கேட்டதால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை, 24 பிள்ளைகள் என்பது எங்கள் கணக்கு.

ஏன் ஸ்கேட்போர்டு?

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் இருக்கிறது. 2015-16இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காடு என்றது. எண் எதுவானாலும் நாற்பது பேர் வகுப்பில் சிலர் இருப்பார்கள். அவர்கள் யார் என்று தெரிவதில்லை, அவ்வளவுதான்.

5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிடம் உடல் வியர்க்கும் அளவுக்கு அசைவு வேண்டும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அதற்கு கபடி போதாதா என்று எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. கபடியிலும் கிரிக்கெட்டிலும் அணி உண்டு, தோல்வி உண்டு, "உன்னாலதான் போச்சு" என்ற பேச்சும் உண்டு. ஸ்கேட்போர்டில் எதிராளி கிடையாது. ஒரு சின்ன வித்தைக்கு நூறு தடவை விழ வேண்டியிருக்கும், நன்றாக ஓட்டுகிறவரும் விழுவார். மதிப்பெண் குறைந்தால் ஊரே பார்க்கும் ஒரு படிப்புமுறையில் வளரும் பிள்ளைக்கு, விழுவதே பயிற்சியாக இருக்கும் ஒரு விளையாட்டு புதுசு.

பின்கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். 1950களில் கலிபோர்னியாவில் அலை இல்லாத நாட்களில் கடல் சறுக்குக்காரர்கள் தரையில் சறுக்கத் தொடங்கியது இது. 1970களின் தொடக்கத்தில் பாலியூரித்தேன் சக்கரம் வந்த பிறகே பலகை தரையைப் பிடித்து ஓடியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வாங்கிய மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது மாமல்லபுரத்து கமலி மூர்த்திதான். மீனவக் குடும்பம், வெறுங்காலோடு பலகையில் நிற்கும் படம். "நம்ம ஊரு பொண்ணா சார்?" என்று கேட்டபோது வகுப்பின் முகமே மாறியது.

இது மருந்து என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பதட்டமோ மனச்சோர்வோ இருக்கும் பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும், பலகை அல்ல. இந்தத் திட்டம் பேச்சைத் தொடங்கி வைக்கும், கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுக்கும். அதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் பொய்யாகிவிடும்.

தொடங்குமுன் முடிக்க வேண்டியவை

முதலில் காலம். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதலே தென்மேற்கு ஆரம்பித்துவிடும். ஆகவே எங்களுக்கு ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, கூடலூர்க்காரர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி. ஈரத்தரையில் பலகை ஓட்டக் கூடாது. சக்கரம் வழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும், மரம் நீர் குடித்து வளையும். மூடுபனி இறங்கும் நாளில் தரை காய்ந்ததுபோலத் தெரியும், கையால் தொட்டால் நனைந்திருக்கும். தொட்டுப் பார்க்காமல் யாரையும் ஏற விடாதீர்கள்.

அடுத்தது இடம். மலையில் சமதளம் கிடைப்பது பெரும்பாடு. பள்ளியின் கூடைப்பந்துத் தளமோ இறைவணக்கம் நடக்கும் சிமெண்ட் முற்றமோ போதும், பத்து மீட்டர் நீளம் கிடைத்தால் சரி. சாலை கூடவே கூடாது. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். இணையத்தில் மலைச்சாலையில் பலகையோடு பாய்ந்து இறங்கும் காணொளிகளைப் பிள்ளைகள் ஏற்கனவே பார்த்திருப்பார்கள். அதை மறைக்காமல் முதல் நாளே பேசி, பலகை பள்ளி வாசலைத் தாண்டாது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

பெற்றோர் கூட்டம் கட்டாயம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு அப்பா எழுந்து, "கையைக் காலை உடைச்சுக்கிட்டா யாரு சார் பாக்குறது? ஒருநாள் லீவு போட்டா எனக்குக் கூலி போச்சு" என்றார். சமாதானம் சொல்லி உட்கார வைக்கக்கூடிய கேள்வி இல்லை அது. முதலுதவி யார், எந்த ஆஸ்பத்திரி, வண்டி யாருடையது, செலவு யார் கணக்கு என்று நான்கு வரி எழுதி, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு கடிதத்தில் சேர்த்தோம். அந்த அப்பாதான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

மனநலம் பேசும்போது பிள்ளை திடீரென்று ஏதாவது சொல்லிவிடும். அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் முதல் வகுப்புக்கே அழையுங்கள். இல்லையென்றால் யாரிடம் அனுப்புவது என்று முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் எட்டு வாரமும் அழிக்காமல் விட்டுவைத்தோம். வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லுங்கள்: "நீங்க சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லியே ஆகணும்." பின்னால் சொன்னால் துரோகம் மாதிரி ஆகிவிடும்.

முதல் இரண்டு வாரம்: சொற்களைச் சேகரிப்பது

வடிவமைப்பில் முதல் வேலை, யாருக்காகச் செய்கிறோமோ அவரைக் கேட்பது. "மனநலம்" என்று கரும்பலகையில் எழுதிக் கருத்துக் கேட்டேன். முழு வகுப்பும் ஊமையானது. மறுநாள் கேள்வியை மாற்றினேன்: மனசு சரியில்லாதபோது வீட்டில், நண்பர்களிடம் என்ன வார்த்தை சொல்வீர்கள்? ஒவ்வொருவரும் துண்டுத்தாளில் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போட வேண்டும்.

வந்த சொற்கள்: மூட் அவுட், கடுப்பு, டென்ஷன், பதட்டம், வெறுப்பா இருக்கு, நெஞ்சு படபடன்னு, வயிறு என்னமோ பண்ணுது, ஒன்னுமில்ல. படுக மொழி பேசும் பிள்ளைகள் வீட்டில் பாட்டி சொல்லும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தார்கள். அதிகம் வந்தது "ஒரு மாதிரியா இருக்கு". பத்துப் பன்னிரண்டு தாளாவது இருக்கும். அந்த ஒரே வாக்கியத்தை வைத்து ஒரு பாடவேளை முழுக்கப் பேசினோம். எந்த மாதிரி? உடம்பில் எங்கே? எப்போது அதிகம்? ஓர் உடலின் கோட்டுருவத்தைச் சார்ட்டில் வரைந்து, சொற்களை அந்தந்த இடத்தில் ஒட்டினார்கள். வயிற்றுப் பகுதி நிரம்பி வழிந்தது. பரீட்சை நாளில் வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகளை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று யோசித்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதன்பின் பேட்டி. இரண்டிரண்டு பேராக எட்டாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய் மூன்று கேள்வி மட்டும்: மதிய இடைவேளையில் எங்கே இருப்பாய்? கடைசியாக எதில் தோற்றாய், அப்போது யார் பார்த்தார்கள்? புதிதாக ஒன்றைக் கற்க எது தடுக்கிறது? நோயைக் கண்டுபிடிக்கும் கேள்வித்தாள்களை இணையத்திலிருந்து இறக்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஒருவன் இன்னொருவனுக்கு மதிப்பெண் போட்டு "உனக்கு டிப்ரெஷன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

மூன்றாம் வாரம்: பிரச்சினையை ஒரு வரியில் சொல்வது

"மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பது" என்று எழுதினால் எதுவும் நடக்காது, அது மேடைப்பேச்சு. யாருக்கு, எப்போது, எது தடை என்று மூன்றும் வர வேண்டும். எங்கள் ஆறு குழுக்களில் ஒரு குழு எழுதியது இது: "எட்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த, மதியம் தனியாகச் சாப்பிடும் பிள்ளைக்கு, யாரும் சிரிக்காமல் ஒன்றை முயன்று பார்க்க 20 நிமிடம் வேண்டும்." இன்னொரு குழு: "பலகை ஏறவே விருப்பமில்லாத, ஆனால் கூட்டத்தோடு இருக்க ஆசைப்படும் பிள்ளைக்கு ஒரு வேலை வேண்டும்." இரண்டாவதை எழுதியவர்கள் வகுப்பிலேயே அதிகம் பேசாதவர்கள்.

பலகை, சக்கரம், தலைக்கவசம்

கடையில் போய் "ஸ்கேட்டிங்" என்று கேட்டால் காலில் மாட்டும் சக்கரச் செருப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். "ஸ்கேட்போர்டு, நாலு சக்கரப் பலகை" என்று சொல்லுங்கள். நாலு பேருக்கு ஒரு பலகை போதும், மற்ற மூவருக்கும் கீழே வேலை இருக்கிறது. முதல் ஆண்டு விலை குறைவு என்று பொம்மைக் கடைப் பலகைகள் வாங்கினோம். கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம், சின்னக் கல் பட்டாலே நின்றுவிடும், பிள்ளை மட்டும் முன்னால் போகும். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு பிசகியது. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

பார்க்க வேண்டியவை: மெல்லிய மேப்பிள் தகடுகள் ஏழு ஒட்டிய பலகை, நீளம் 31 அங்குலம் அளவில், அகலம் எட்டு அங்குலத்தை ஒட்டி. சக்கரம் பாலியூரித்தேன். அதன் கடினத்தை எண்ணும் ஏ எழுத்துமாகப் போட்டிருப்பார்கள். வழவழப்பான தளத்துக்கு 99ஏ, நம் பள்ளிகளின் சொரசொர சிமெண்டுக்கு 78ஏ முதல் 85ஏ வரை மிருதுவானது. பேரிங் 608 என்ற அளவு, வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர், துளை 8. சிறு மோட்டார்களிலும் இதே அளவு வரும் என்பதால் பேரிங் கடையிலேயே மாற்று கிடைக்கும். பலகையைப் பிரித்து மாட்ட 10, 13, 14 எண் ஸ்பேனர்களும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும். ஒரு பாடவேளை முழுக்கப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்ட விடுங்கள். தானே பூட்டிய பலகையில் ஏறப் பயம் பாதி குறைகிறது.

தலைக்கவசம் பின்மண்டையையும் மூட வேண்டும், ஏனென்றால் இதில் மல்லாக்க விழுவதுதான் அதிகம். ஈஎன் 1078 என்ற தர எண் உள்ளே ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அப்பாவின் பைக் ஹெல்மெட் வேண்டாம், கனம் கழுத்தை இழுக்கும், காதும் கேட்காது. மணிக்கட்டுக் காப்பும் முழங்கால் காப்பும் இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாது.

பலகை வாங்கப் பணமே இல்லாத பள்ளி என்றால் சமநிலைப் பலகை செய்யலாம். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 75 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம். அடியில் உருள்வதற்குத் தடித்த நாலு அங்குலக் குழாய்த் துண்டு. குழாய் வெளியே ஓடிவிடாமல் பலகையின் இரு முனையிலும் அடியில் ஒரு மரச்சட்டம். கீழே ஜமக்காளம், பக்கத்தில் தோள் கொடுக்க ஒருவர். நாலுக்கு மூன்று பங்கு அனுபவம் இதிலேயே வந்துவிடும், சமதளமும் தேவையில்லை. ஸ்கேட்போர்டின் பலகையையே பள்ளியில் செய்ய மட்டும் முயல வேண்டாம். பிளைவுட் நடுவில் முறியும்.

நான்காம் வாரம்: விழப் பழகுவது

பலகையே இல்லாமல் புல்தரையில் தொடங்குங்கள். முழங்காலை மடக்கு, தாழ்ந்து போ, முழங்கால் காப்பில் சறுக்கு, தோளைச் சுருட்டி உருள். கையை நீட்டி ஊன்றாதே, மணிக்கட்டு உடைவது அதனால்தான். அரைமணி நேரம் வேண்டுமென்றே விழுந்தார்கள். நானும் விழுந்தேன். ஆசிரியர் விழுவதைப் பார்த்தபின் அந்த வகுப்பில் பயந்த முகம் ஒன்றுகூட மிச்சமில்லை. 47 வயதில் முட்டி ஒரு வாரம் வலித்தது, பரவாயில்லை.

அடுத்த வகுப்பில் பலகையைப் புல்லின்மேல் வைத்து ஏறி நிற்பது. சக்கரம் உருளாது. இடதுகால் முன்னால் வைத்து நிற்பவரை ரெகுலர் என்றும் வலதுகால் முன்னால் வைப்பவரை கூஃபி என்றும் சொல்வார்கள். இரண்டும் சரியே. இடதுகைக்காரப் பிள்ளைகள் வீட்டில் வாங்கும் திட்டை நினைத்து இதை அழுத்திச் சொன்னேன். பிறகு சிமெண்ட் தரையில், இருபுறமும் இருவர் கைபிடிக்க, மெதுவாகத் தள்ளுவது. எட்டு வாரத்தில் நேராகப் போய் நின்று இறங்கினால் போதும். பலகையோடு மேலே குதிக்கும் "ஆலி" என்ற வித்தையெல்லாம் வேண்டாம்.

ஐந்து, ஆறாம் வாரம்: செய்து பார்ப்பது

இங்கேதான் குழுக்கள் பிரிந்தன. ஒரு குழு சரிவுப்பலகை செய்தது. எவ்வளவு சரிவு பயமில்லாமல் இருக்கும் என்று கேட்டபோது ஒரு பையன் மலை ரயிலைச் சொன்னான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்து ஏறும் நீலகிரி ரயிலின் செங்குத்தான பகுதி ஏறத்தாழ 12க்கு 1. சக்கர நாற்காலிச் சரிவுக்கும் அதே அளவுதான் வழக்கம். ஆகவே 15 சென்டிமீட்டர் உயரம், 180 நீளம், 18 மில்லிமீட்டர் பிளைவுட். தரையைத் தொடும் ஓரத்தில் சக்கரம் தட்டாமல் இருக்க மெல்லிய இரும்புத் தகடு. தச்சர் அண்ணன் முதல்நாள் தகட்டை மறந்துவிட்டார், அன்று ஒரே நாளில் எல்லோரும் அந்த ஓரத்தில் தடுக்கினார்கள். கணக்கு ஆசிரியர் இதை முக்கோணவியல் பாடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஏற விரும்பாதவர்களுக்காக யோசித்த குழு "விழுந்த நோட்டு" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தளத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்ச், அதில் ஒருவர், கையில் நாற்பது பக்க நோட்டு. யார் விழுந்தாலும் ஒரு கோடு. கோடு அதிகம் வாங்கியவருக்கு வெள்ளிக்கிழமை கடலைமிட்டாய். முதலில் எனக்கு உடன்பாடில்லை, கேலியாகிவிடும் என்று பயந்தேன். நடந்தது வேறு. "அண்ணா, நான் விழுந்தேன், கோடு போடுங்க" என்று தானாக வந்து நின்றார்கள். சிரிப்பு பற்றியும் அவர்களே ஒரு விதி எழுதினார்கள்: விழுந்தவர் சிரித்த பிறகுதான் மற்றவர் சிரிக்கலாம். ஐந்து சொல்லில் அடங்கிய அந்த விதியை நான் ஒரு வாரம் யோசித்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

பலகையின் அடிப்புறத்தில் ஓவியம் வரைவது ஸ்கேட்போர்டு வழக்கம். உரசி உரசி அது அழிந்துபோகும். "உங்கள் பயத்தை அடியில் எழுதுங்கள், ஓட ஓட அழியும்" என்று நான் ஒரு யோசனை சொன்னேன். ரொம்ப நல்ல யோசனை என்று எனக்கே ஒரு பெருமை. ஒரு மாணவி கேட்டாள்: "பலகை கவிழ்ந்தா எல்லாரும் படிப்பாங்களே சார்?" என்னிடம் பதில் இல்லை. அவள் கால் வழுக்காமல் இருக்கப் பலகையின் மேலே ஒட்டியிருந்த பழைய சொரசொரத் தாளை ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்தாள், வெறும் மரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினாள், புதுத் தாளை அதன்மேல் ஒட்டி ஓரத்தைப் பிளேடால் வழித்தாள். என்ன எழுதினாள் என்று யாருக்கும் தெரியாது. அதன்மேல்தான் நிற்கிறாள். மற்ற குழுக்களும் அதையே செய்தன. என் யோசனையை நானே கைவிட்டேன்.

ஓவியம் பற்றி ஒரு குறிப்பு. தோடர் பூத்தையல் வடிவங்களைப் பலகையில் வரையலாம் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அது 2013இல் புவிசார் குறியீடு பெற்ற, ஒரு சமூகத்துக்குச் சொந்தமான கலை. தையல் செய்யும் பெண்களிடம் போய்க் கேட்டுப் பேசிவிட்டு முடிவுசெய்யுங்கள், கூகுளில் பார்த்து வரைய வேண்டாம்.

ஏழாம் வாரம்: என்ன மாறியது என்று பார்ப்பது

ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னும் பின்னும் "இப்போ எப்படி இருக்கு" என்று 1 முதல் 10க்குள் ஓர் எண்ணைத் தங்கள் நோட்டிலேயே எழுதிக்கொள்ளட்டும். யாரிடமும் காட்ட வேண்டாம், எனக்கும் வேண்டாம். வாரக்கடைசியில் விரும்பியவர் மட்டும் சொல்லலாம். வெளியே தெரியும்படி எண்ணியது வேறு: விழுந்த பிறகு எழ எவ்வளவு நேரம், கைபிடிக்காமல் எத்தனை மீட்டர், அடுத்த வாரம் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், பெஞ்சில் புதிதாக யார் உட்கார்ந்தார்கள்.

இந்த எண்களை வைத்து "ஸ்கேட்போர்டு மன அழுத்தத்தைக் குறைக்கிறது" என்று சார்ட்டில் எழுத வந்த குழுவை நிறுத்தி உட்கார வைத்தேன். 24 பேர், எட்டு வாரம், பாடவேளையில் வெளியே விளையாட விட்டால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? 2020இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இளம் ஸ்கேட்போர்டுக்காரர்களிடம் நடத்திய ஆய்விலும், ஓட்டினால் மன அழுத்தம் மறக்கிறது என்று பலர் சொன்னார்கள். ஆனால் கேட்கப்பட்டவர்கள் ஏற்கனவே அதை விரும்பி ஓட்டுகிறவர்கள், பிடிக்காமல் விட்டுப்போனவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தபோது எனக்கு மற்ற எதையும்விடச் சந்தோஷமாக இருந்தது. நடுவில் விலகிய மூன்று பேரிடம் போய் ஏன் என்று கேட்டு, அந்தப் பதில்களையும் சார்ட்டில் சேர்த்தார்கள். ஒருத்தி சொன்னது: "யூனிஃபார்ம் பாவாடையோட ஏற முடியல மிஸ்." பிள்ளைகளோடு கூடப் போயிருந்த டீச்சருக்கும் எனக்கும் ஏழு வாரமாக அது தோன்றவேயில்லை. அடுத்த ஆண்டு திட்ட நாட்களில் விளையாட்டு உடை என்று கடிதத்திலேயே போட்டுவிடப் போகிறோம்.

கடைசி வாரம்: காட்சிக்கு வைப்பது

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு, அதனால் சார்ட், துணி, சுண்ணக்கட்டி மட்டும். சாதித்ததை மட்டும் வைக்காமல் உடைந்த பொம்மைக் கடைப் பலகையையும் தகடில்லாத சரிவின் படத்தையும் வையுங்கள். மதிப்பெண்ணில் பாதியைச் செய்முறைக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள், ஓட்டும் திறமைக்கு ஒரு மதிப்பெண்கூட வேண்டாம். அதற்கு மதிப்பெண் போட்ட நிமிடமே இதுவும் இன்னொரு பரீட்சையாகிவிடும். பெற்றோர் வரும் நாளில் பிள்ளைகளை வித்தை காட்டச் சொல்லாமல், பெற்றோரைப் புல்மேல் வைத்த பலகையில் ஏறி நிற்கச் சொன்னோம். கடிதத்தில் முதலில் கையெழுத்துப் போட்ட அந்த அப்பா ஏறினார், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு. பெஞ்சில் இருந்த பையன் நோட்டைத் திறந்து அவர் பெயரையும் எழுதித் தயாராக வைத்துக்கொண்டான்.

திட்டம் முடிந்ததும் பலகைகளைப் பூட்டி வைத்தால் எல்லாம் வீண். செவ்வாய், வியாழன் மதியம் 20 நிமிடம் தளம் திறந்திருக்கும் என்று தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் பேரிங்குகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு ஒரு டப்பாவில் போட்டுவைக்க வேண்டும். அலமாரிச் சாவி இப்போது "ஒன்னுமில்ல" என்று எழுதியவரிடம் இருக்கிறது. அந்தத் தாளை எழுதியது தான்தான் என்று அவரே ஒருநாள் வந்து சொன்னார்.